அளவு இல்லாதவள்

சென்னினோ சென்னினி ஓவியர்களுக்கென்று எழுதிய கைநூல் 1400ஐ ஒட்டியது. பசை காய்ச்சுவது, சுவருக்குச் சாந்து பூசுவது, பொன் தகடு ஒட்டுவது என்று பட்டறைக் காரியங்களைப் பொறுமையாகச் சொல்லிப் போகிறவர், மனித உடம்பின் அளவுகளுக்கு வருகிறார். ஆணின் உயரம் முகத்தைப்போல் எட்டு மடங்கும் இன்னும் மூன்றில் இரண்டு பங்கும். பெண்? அவளிடம் கச்சிதமான அளவு எதுவும் கிடையாது, ஆகவே விட்டுவிடுகிறார். அவளோடு சேர்த்து விடப்படுபவை மிருகங்கள்.

இதைப் பட்டறைக்காரரின் வெகுளித்தனம் என்று ஒதுக்கிவிடலாம். வாசாரியை அப்படி ஒதுக்க முடியாது. 1550இல் வெளியாகி 1568இல் விரிவாக்கப்பட்ட அவருடைய ‘வாழ்க்கைகள்’தான் மேற்கின் கலைச் சரித்திரத்துக்கே சட்டகம் போட்டது. இரண்டாம் பதிப்பில் அவர் திஸேன்யோவை (கோடு, கோட்டுக்கு முந்திய மனத்திட்டம் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான்) கட்டிடம், சிற்பம், ஓவியம் மூன்றுக்கும் தந்தை என்கிறார். அறிவிலிருந்து பிறக்கும் தந்தை. இத்தாலிய இலக்கணத்தில் அந்தச் சொல் ஆண்பால். மூன்று கலைகளும் பெண்பால். அஃறிணையில் ஆண் பெண் பேதம் பார்க்காத தமிழில் இதைச் சொல்லும்போது உவமை மட்டும் மிஞ்சுகிறது, குடும்பம் காணாமல் போய்விடுகிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு பெண் உளியைத் தூக்கினால் என்ன ஆகும்? முதல் பதிப்பிலேயே பொலோன்யாவின் ப்ரொபெர்ஸியா தெ ரோஸ்ஸிக்கு இடம் உண்டு. அழகு, பாட்டு, வீட்டுக் காரியத்தில் திறமை எல்லாம் சொல்லியாகிறது. ஸான் பெட்ரோனியோ தேவாலயத்துக்காக அவர் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பத்தில், தப்பியோடும் யோசேப்பின் அங்கியைப் பற்றி இழுக்கிறாள் போத்திபாரின் மனைவி. இது ப்ரொபெர்ஸியாவின் சொந்தக் காதல் தோல்வி என்கிறார் வாசாரி. ஆண் செதுக்கினால் மனத்திட்டம். பெண் செதுக்கினால் மனக்குறை. ஆனால் அதே இடத்தில், சக கலைஞன் ஒருவனின் பொறாமையால் இந்தப் பெண்ணுக்கு அற்பக் கூலியே கிடைத்தது என்றும் எழுதிவைத்திருக்கிறார். பேரேட்டோடு நாள் கழிக்கிற எனக்குக் காதலைவிட இந்தக் கூலிதான் உறுத்துகிறது. காதலுக்குச் சிற்பத்தையே சாட்சிக்கு அழைத்தவர், கூலியைச் சட்டென்று கடந்துவிடுகிறார்.

சியெனாவில் ஒரு படம் இருக்கிறது. சோஃபொனிஸ்பா ஆங்குயிஸ்ஸோலா 1559ஐ ஒட்டி வரைந்தது என்று கருதப்படுவது. அதில் ஆசிரியர் பெர்னார்தீனோ காம்பி தன் மாணவியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். தூரிகை காம்பியின் கையில். சோஃபொனிஸ்பா வெறும் படத்துக்குள் படம். ஆனால் இருவரையும் தீட்டியது சோஃபொனிஸ்பா. மாணவியின் உருவம் ஆசிரியரைவிடப் பெரிதாக, உயரத்தில் நிற்கிறது. கேலி என்று சொல்லிவிட முடியவில்லை, குருவணக்கம் என்றும். காம்பி கித்தானைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, படத்துக்கு வெளியே, சோஃபொனிஸ்பா நின்று வரைந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறார்.