பெயருக்கு முன்னே வரும் வெள்ளம்: ரூவியிலிருந்து சூறாவளிகளைக் கவனிப்பது எப்படி?

அரபிக் கடலில் தாழமுக்கம் உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்தால் ஊரிலிருந்து ரூவிக்கு அழைப்பு வரும். வங்காள விரிகுடாவில் உருவானால் ரூவியிலிருந்து ஊருக்கு அழைப்புப் போகும். மே, யூன் மாதங்களில் அவர்கள் எம்மைக் கேட்பார்கள். ஐப்பசி பிறந்தால் நாம் அவர்களைக் கேட்போம். இரு பக்கமும் கேள்வி ஒன்றுதான்: "உங்கை சூறாவளி வருதாமே?"

பதில் தேடி நாம் கைபேசியில் வரைபடங்களைத் திறக்கிறோம். அவற்றை யார் தயாரிக்கிறார்கள், எதை வைத்துத் தயாரிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் வீண் பதற்றமும் குறையும், வீண் அசட்டையும் குறையும்.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 வெப்பமண்டலச் சூறாவளிகள் உருவாகின்றன. உலக வானிலை அமைப்பு கடல்களைப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிலையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அத்திலாந்திக்கையும் கிழக்குப் பசிபிக்கையும் மயாமி பார்க்கிறது. மேற்குப் பசிபிக்குக்கு டோக்கியோ, தென்மேற்கு இந்து சமுத்திரத்துக்கு ரியூனியன் தீவு, தென் பசிபிக்குக்கு ஃபிஜியின் நாடி. எமக்கு முக்கியமானது புது டில்லி. அரபிக் கடலும் வங்காள விரிகுடாவும் சேர்ந்த வட இந்து சமுத்திரம் முழுவதும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. அதாவது மட்டக்களப்பை நோக்கிப் போகும் சூறாவளிக்கும் மஸ்கட்டை நோக்கி வரும் சூறாவளிக்கும் அறிக்கை ஒரே அலுவலகத்திலிருந்துதான் வருகிறது. உலகக் கணக்கில் இந்தக் கடற்பகுதியின் பங்கு சிறிது. ஆண்டுக்கு ஐந்து அளவில்தான். அவற்றிலும் பெரும்பாலானவை வங்காள விரிகுடாவில் உருவாகின்றன.

அத்திலாந்திக்கில் விமானங்கள் புயலுக்குள்ளேயே பறந்து அளவெடுக்கின்றன. எமது கடல்களில் அந்த வழக்கம் இல்லை. செய்மதிப் படத்தில் முகில் எப்படிச் சுருண்டிருக்கிறது, நடுக்கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைப் பார்த்து வேகத்தைக் கணிக்கிறார்கள். அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டுவோராக் வகுத்த முறை அது. ஆகவே நடுக்கடலில் இருக்கும் சூறாவளிக்குச் சொல்லப்படும் வேகம் பெரும்பாலும் மதிப்பீடுதான். இன்னொரு குழப்பமும் உண்டு. புது டில்லி மூன்று நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறது. ஹவாயிலிருந்து இயங்கும் அமெரிக்கக் கடற்படையின் கூட்டு நிலையம் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறது. குறுகிய நேரச் சராசரி எப்போதும் கூடுதலாகவே வரும். ஒரே சூறாவளிக்கு இரண்டு எண்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வட்ஸ்அப்பில் பெரிய எண்தான் முதலில் ஓடிவரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர் விடயம் சுவாரசியமானது. இந்தக் கடல்களில் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. முதலில் எட்டு நாடுகள் பெயர் கொடுத்தன. பின்னர் ஈரான், கட்டார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், யேமன் ஆகியவையும் சேர, 2020இல் 13 நாடுகளின் 169 பெயர்களோடு புதிய பட்டியல் வந்தது. அதனால் வளைகுடாப் பெயர்கள் எங்கள் ஊர்க் கரைக்கு வருகின்றன. 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தருகே கரைகடந்த மாண்டூஸ் அமீரகம் கொடுத்த பெயர். 2024இன் ஃபெஞ்சல் சவூதியுடையது. 2025 நவம்பரில் இலங்கையைச் சிதைத்த டித்வா யேமனுடையது. மறுபுறம், 2025 ஒக்டோபரில் அரபிக் கடலில் சுழன்ற சக்தி இலங்கை கொடுத்த பெயர். இந்தியாவின் வரிசையில் முரசு என்ற எங்கள் சொல்லும் காத்திருக்கிறது.

ஆனால் பெயர் கிடைப்பதற்குக் காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தாண்டவேண்டும். அதற்குக் கீழே இருப்பது தாழமுக்கம் அல்லது ஆழ்ந்த தாழமுக்கம். பெயர் இல்லை, செய்தியில் பெரிய தலைப்பும் இல்லை. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

ஃபெஞ்சலை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் கிடைத்தது 2024 நவம்பர் 29ஆம் திகதி. அம்பாறை மாவட்டத்தின் காரைதீவில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது 26ஆம் திகதி. பெயருக்காகக் காத்திருந்து ஊருக்கு அழைத்தவர்கள் மூன்று நாள் பிந்திவிட்டார்கள்.

பெயர் வந்த பிறகும் அதன் தரம் முழுக்கதையையும் சொல்வதில்லை. 2008 நவம்பரின் நிஷா, காற்றின் கணக்கில் சிறிய சூறாவளிதான். வன்னியில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களில் கிடந்த சனங்களுக்கு அந்த மழை என்னவாக இருந்தது என்பதை இதைப் படிக்கும் பலர் அறிவர். டித்வாவும் அப்படியே. புது டில்லியின் அளவுகோலில் அது வெறும் சூறாவளி. 'தீவிர' என்ற அடைமொழிகூட அதற்குக் கிடைக்கவில்லை. மலையகத்து மண்சரிவுகளிலும் வெள்ளத்திலும் 600க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது போலக் காற்றே கூரைகளைப் பிய்த்தெறிந்து தென்னைகளை முறித்துப்போடும் சூறாவளிகளும் உண்டுதான். ஆனால் அண்மைக் காலத்தில் எங்கள் சனத்தைக் கூடுதலாகக் கொன்றது தண்ணீர்.

ஓமானிலும் கதை வேறல்ல. 2007 யூன் மாதம் கோனு நடுக்கடலில் மணிக்கு 235 கிலோமீற்றர் வரை போனது. அரபிக் கடலில் அதுவரை பதிவான சூறாவளிகளில் அதுவே மிக வலியது. கரையை நெருங்கும்போது பாலைவனத்து வரண்ட காற்றை இழுத்து வெகுவாக மெலிந்தது. இங்கே வரும் பல சூறாவளிகளின் விதி அதுதான். ஆனாலும் மலைகளில் 600 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. மஸ்கட்டில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மில்லிமீற்றர். பாறை நீரைக் குடிக்காது; பெய்ததெல்லாம் வாதிகளில் இறங்கியது. குரும் பகுதி மூழ்கியது, வீதிகள் பெயர்ந்தன, ஓமானில் ஏறத்தாழ 50 பேர் இறந்தனர். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் முடங்கியதால் நகரம் தண்ணீருக்குள் நின்றுகொண்டே குடிதண்ணீருக்கு அலைந்தது.

ரூவியும் மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்குத்தான். பக்கத்துக் குடியிருப்பின் பெயரே வாதி கபீர், பெரிய வாதி. அரபுக்காரர் காரணமில்லாமல் அப்படிப் பெயர் வைக்கவில்லை.

2021இன் ஷாஹீன் இரண்டு கடல்களையும் இணைத்த சூறாவளி. வங்காள விரிகுடாவில் குலாப் என்ற பெயரில் உருவாகி, செப்டம்பர் 26இல் ஆந்திரக் கரையில் ஏறி, இந்தியாவைக் குறுக்கே கடந்து மெலிந்து, அரபிக் கடலில் மறுபடி உயிர்பெற்றுப் புதுப்பெயர் வாங்கியது. மஸ்கட் முழுவதும் அதற்காகத் தயாராகி நின்றது. ஒக்டோபர் 3இல் அது வடமேற்கே தள்ளிப்போய் முசன்னா, சுவைக் பக்கம் கரைகடந்தது. கபூராவில் 369 மில்லிமீற்றர் மழை. ஓமானில் 14 பேர் உயிரிழந்தனர். வரைபடத்தில் வரும் கூம்பு வடிவத்தை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சூறாவளியின் மையம் எந்தெந்த இடங்களுக்குள் போகக்கூடும் என்பதைத்தான் கூம்பு காட்டுகிறது. மழை எவ்வளவு தூரம் பரவும் என்று அது சொல்லாது. கூம்புக்கு வெளியே இருப்பவரும் நனைவார்.

சூறாவளியே இல்லாமலும் வாதி ஓடும். 2024 ஏப்ரல் 14இல் சமத் அல் ஷானில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற வாகனத்தை வெள்ளம் இழுத்துச் சென்றபோது கடலில் சூறாவளி எதுவும் இருக்கவில்லை. காரைதீவுக்கும் சமத்துக்கும் இடையே ஒரு கடல் இருக்கிறது, நடந்தது ஒன்றேதான்.

ஆகவே வரைபடத்தோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். இங்கே, ஓமான் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் வானிலைப் பிரிவு விடும் மழை, வாதி எச்சரிக்கைகள். ஊருக்கு, வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைவீழ்ச்சி எதிர்வுகூறல், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று மட்டங்கள், மலையகத்தில் உறவுகள் உள்ளவர்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படும் செய்தி வந்தால், மழை விட்டிருந்தாலும், தாழ்ந்த பகுதியில் இருப்பவர்களை உடனே அழைப்பது நல்லது.

புது டில்லி அறிக்கைகளில் நேரம் சர்வதேச நேரத்தில் இருக்கும். 0300 என்று கண்டால் அது ரூவியில் காலை 7 மணி, யாழ்ப்பாணத்தில் காலை 8.30. அந்த நேரத்து அவதானிப்பை வைத்து எழுதிய அறிக்கை எம் கைக்கு வரச் சில மணிநேரம் பிந்தலாம். சூறாவளி என்ற நிலையை எட்டிவிட்டால் மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை புதியது வரும். பகிர்வதற்கு முன் மேலே உள்ள திகதியையும் நேரத்தையும் பாருங்கள். கோனு காலத்துப் படங்கள் இன்னமும் ஒவ்வொரு யூன் மாதமும் புதிதுபோலச் சுற்றி வருகின்றன.