பலகைப் பயிற்சி

பலகைப் பயிற்சி (பிளாங்க்) என்பது, கருவி எதுவுமின்றி உடலின் எடையை மட்டுமே சுமையாகக் கொண்டு, உடலின் நடுப்பகுதித் தசைகளை வலுப்படுத்தும் ஓர் உடற்பயிற்சி ஆகும். முன்கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, உடலைப் பலகை போல நேராக நிறுத்தி வைப்பதால் இது இப்பெயர் பெற்றது. இதில் தசைகள் இறுகுகின்றன. ஆனால் மூட்டுகள் அசைவதில்லை. இத்தகைய இறுக்கம் சமநீளச் சுருக்கம் எனப்படும்.

செயற்படும் விதம்

இந்நிலையில் உடல், இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட பாலத்தை ஒத்தது. புவியீர்ப்பு அதன் நடுப்பகுதியைக் கீழே இழுக்கிறது. இடுப்பு தாழ்ந்தால் கீழ்முதுகின் இயல்பான வளைவு மிகுந்து, முள்ளெலும்புகளின் பின்புற மூட்டுகளில் அழுத்தம் கூடும். இதனைத் தடுப்பதே வயிற்றுத் தசைகளின் பணியாகும். நேர்வயிற்றுத் தசை, சாய்வயிற்றுத் தசைகள், குறுக்கு வயிற்றுத் தசை ஆகியன இவற்றுள் முதன்மையானவை. பிட்டத் தசைகள் இடுப்பெலும்பை நிலைநிறுத்துகின்றன. முன்தொடைத் தசைகள் முழங்காலை நீட்டி வைக்கின்றன. தோள்பட்டைத் தசைகள் மார்புக்கூடு தொய்யாமல் தாங்குகின்றன.

செய்முறை

1. குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தோள்களுக்கு நேர் கீழே வைத்து, முன்கைகளைத் தரையில் படிய வைக்க வேண்டும்.
2. கால்விரல்களை ஊன்றி, முழங்கால்களை நீட்டி, உடலைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும்.
3. தலை முதல் குதிகால் வரை ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். பார்வை கைகளுக்குச் சற்று முன்னே தரையில் பதிய வேண்டும்.
4. வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கி, முன்கைகளால் தரையை அழுத்த வேண்டும்.
5. மூச்சை அடக்காமல் சீராக விட வேண்டும்.
6. நேர்கோடு குலையத் தொடங்கியதும் முழங்கால்களைத் தரையில் இறக்கி ஓய்வெடுக்க வேண்டும்.

வழக்கமான பிழைகள்

* இடுப்பு தொய்தல்: வயிற்றுத் தசைகள் சோர்ந்ததன் அறிகுறி இது. சுமை கீழ்முதுகுக்கு மாறுகிறது.
* இடுப்பை மிக உயர்த்துதல்: வயிற்றுத் தசைகளின் மீதான சுமை குறைவதால் பயன் குன்றும்.
* தலையைத் தொங்கவிடுதல் அல்லது நிமிர்த்துதல்: கழுத்து வலிக்குக் காரணமாகலாம்.

கால அளவு

நீண்ட நேரம் தாங்குவதே சிறப்பு என்னும் கருத்து பரவலாக உள்ளது. செக் குடியரசைச் சேர்ந்த யோசெப் ஷாலெக் 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் 9 மணி 38 நிமிடம் 47 நொடி இந்நிலையில் இருந்து கின்னஸ் சாதனை படைத்தார். ஆயினும் உடல்நலத்திற்கு இத்தகைய கால அளவு தேவையில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியல் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில், சுமார் 10 நொடி நீடிக்கும் குறுகிய நிறுத்தங்களைப் பலமுறை செய்வதைப் பரிந்துரைக்கிறார். தசை சோர்ந்து நிலை குலைந்த பின் கழியும் நொடிகள் தவறான நிலைக்கே உடலைப் பழக்குகின்றன.

வகைகள்

தொடக்க நிலையினர் முழங்கால்களை ஊன்றியோ, கைகளை உயரமான திண்ணையில் வைத்தோ பயிலலாம். ஒரு முன்கையையும் பாதத்தின் பக்கவாட்டையும் ஊன்றிச் செய்வது பக்கவாட்டுப் பலகை எனப்படும். இது விலாப்புறத் தசைகளை மிகுதியாக இயக்குகிறது. யோகாசனங்களுள் வசிட்டாசனம் இதனை ஒத்தது. கைகளை நீட்டி நிற்கும் பலகை நிலை சூரிய வணக்கத்தின் பல முறைகளில் இடம்பெறுகிறது.

படைத்துறையில் பயன்பாடு

ஐக்கிய அமெரிக்க ஈரூடகப் படை (மரைன்), தன் உடற்தகுதித் தேர்வில் இருந்த வயிற்றை மடக்கும் பயிற்சிக்கு மாற்றாக 2023 ஆம் ஆண்டில் பலகைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பாதங்களை அழுத்திப் பிடித்து எழும் பயிற்சியில் இடுப்பை மடக்கும் தசைகள் மிகையாக இயங்கிக் கீழ்முதுகைப் பாதிப்பது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

எச்சரிக்கை

மூச்சை அடக்கினால் குருதி அழுத்தம் திடீரென உயரக்கூடும். எனவே உயர் குருதி அழுத்தம் உள்ளோர், கருவுற்றோர், அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டோர், தோள் அல்லது முதுகு நோயுள்ளோர் ஆகியோர் மருத்துவரின் ஆலோசனை பெற்றே இதனைத் தொடங்க வேண்டும். வயிற்றில் எரிச்சல் போன்ற இறுக்கம் தோன்றுவது இயல்பு. கீழ்முதுகில் வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.