நகர்த்தும் கட்டளையின் காவல்கள்

வரலாறு என்றதும் மன்னர்களின் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே மாணவர் நினைவில் எழும். இரண்டே எழுத்துகளாலான ஒரு கணினிக் கட்டளைக்கும் வரலாறு உண்டு என்றால் சிலர் வியக்கலாம். இன்று நான் கூற எடுத்துக்கொண்டது அத்தகைய வரலாறே.

அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில், 1969-ஆம் ஆண்டு, கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தம் தோழர்களுடன் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையைப் படைக்கத் தொடங்கினர். 1971-இல் வெளியான அதன் முதற் கையேட்டிலேயே ‘எம்வி’ என்னும் கட்டளை இடம்பெற்றது. கோப்பின் பெயரையும் இடத்தையும் மாற்றுவது அதன் வேலை.

கோப்பை நகர்த்துவது எளிது. கோப்பகத்தை நகர்த்துவது அத்துணை எளிதன்று. காரணம் என்ன? யூனிக்ஸில் கோப்பகங்கள் மரம்போல் அமைந்தவை. ஒவ்வொரு கோப்பகமும் தன் தாய்க் கோப்பகத்தை இரண்டு புள்ளிகளாலான பெயரால் குறித்து வைத்திருக்கிறது. ‘பாடம்’ என்னும் கோப்பகத்துள் ‘வரலாறு’ என்றொரு கோப்பகம் இருப்பதாகக் கொள்வோம். பாடத்தை வரலாற்றுக்குள் வைக்குமாறு ஒருவர் கட்டளையிட்டால் என்ன ஆகும்? அதை அப்படியே நிறைவேற்றினால், தாய் சேய்க்குள்ளும் சேய் தாய்க்குள்ளும் அடங்கி வளையமாகிவிடும். வேரோடு இருந்த தொடர்பு அறும். உள்ளே இருப்பவை அழிவதில்லை. ஆனால் அவற்றை அடைய வழி இராது.

1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் இக்காவலை எம்வி கட்டளையே ஏற்றிருந்தது. சேருமிடத்திலிருந்து தாய், தாயின் தாய் என்று அது மேலே ஏறிப் பார்க்கும். வழியில் நகர்த்த வேண்டிய கோப்பகமே எதிர்ப்பட்டால் மறுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான், எனினும் குறை இரண்டு இருந்தன. முதலாவது, அக்காலத்தில் நகர்த்துதல் ஒரே செயலன்று. புதுப் பெயரை இணைத்து, பழையதை நீக்கி, தாயைக் குறிக்கும் குறிப்பையும் திருத்த வேண்டும். நடுவே கணினி நின்றுபோனால் வேலை அரைகுறையாய் நிற்கும். இரண்டாவது, ஒரே நொடியில் ஒருவர் பாடத்தைக் கணக்கினுள்ளும், மற்றொருவர் கணக்கைப் பாடத்தினுள்ளும் நகர்த்த முற்பட்டால், இருவர் சோதனையும் தடையில்லை என்றே கூறும். முடிவில் வளையமே மிஞ்சும்.

1983-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான 4.2 பிஎஸ்டி, ‘ரீநேம்’ என்னும் தனி அழைப்பை இயக்கமுறைமையின் கருவுக்குள்ளேயே அமைத்தது. சோதனையும் கருவின் பொறுப்பாயிற்று. 1988-இன் போசிக்ஸ் தரமும் அதனை ஏற்றது. தன் உட்கோப்பகத்துக்குள் தன்னையே வைக்க மறுப்பதும், வெறுமையாக இல்லாத கோப்பகத்தின் இடத்தில் மற்றொன்றை வைக்க மறுப்பதும் விதிகளாயின. லினக்ஸ் இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஒரே கோப்பு முறைமையில் கோப்பகங்கள் தாய் மாறும்போது, பூட்டு ஒன்றைப் பூட்டி, ஒன்றன்பின் ஒன்றாகவே அவற்றை விடுகிறது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று: சோதனைக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி இருக்கும்வரை தீங்கு நுழைய வழியுண்டு. மாணவர்கள் மற்றொன்றையும் மறத்தலாகாது. கரு, மரத்தின் அமைப்பைக் காக்கும். நீங்கள் எழுதிய கட்டுரையைக் காவாது. அதே பெயரில் வேறொரு கோப்பு வந்தால், எம்வி பொதுவாக ஒரு சொல்லும் கேளாமல் பழையதன்மேல் வைத்துவிடும். ‘-ஐ’ என்னும் குறியைச் சேர்த்தால்தான் முன்கூட்டிக் கேட்கும். அக்காவலை ஏற்பது நம் பொறுப்பாகும்.