பழம்புடவைப் போர்வை

வங்காளத்து வீடுகளில் பழம்புடவையை அந்தக் காலத்தில் தூக்கி எறிய மாட்டார்கள். நாலைந்து துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். அதுதான் காந்தா. நூலுக்கும் கடைக்குப் போவதில்லை. புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். பச்சைக் குழந்தையைச் சுற்றுவதும் அதில்தான். நம் வீட்டுத் தூளியும் பழம்புடவைதானே!

இதற்கென்று பள்ளிக்கூடம் கிடையாது. விரத நாட்களில் சிறுமிகள் அரிசிமாவைக் கரைத்து, விரலால் தரையில் ‘ஆல்பனா’ வரைவார்கள். தாமரை, நெற்கதிர், லட்சுமியின் பாதம். நம் பொங்கலை ஒட்டி அங்கே பௌஷ சங்கராந்தி; வாசலில் கோலம், அடுப்பில் ‘பிட்டே’ என்கிற அரிசிமாவுப் பலகாரம். தரையில் பழகிய அந்தத் தாமரையே பிறகு ஊசிமுனையில் காந்தாவின் நடுவில் வந்து உட்காரும். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு.

தைத்தவர்கள் பெரும்பாலும் பெயர் போடவில்லை. மானதாசுந்தரி தாசி என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டில் தகப்பனாருக்காகத் தைத்த காந்தாவில் தன் பெயரையும் தைத்துவைத்தார். ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் (1882–1941) இத்தகைய காந்தாக்களைத் தேடித் திரட்டியிராவிட்டால், அந்தப் பெயர் யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர் திரட்டியவை கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், அவர் பெயரிலேயே அமைந்த அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன.

இப்போது நம் ஊர்க் கடைகளிலும் காந்தாப் பட்டுப்புடவை கிடைக்கிறது. அழகுதான். ஆனால் புதுத்துணி, யாரும் உடுத்திப் பழகியதல்ல. அதைக் காந்தா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.