மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-போட்டி

ஐயா எங்கள் காரை வாங்கியது 1968 இல். ஒஸ்ரின் ஏ40 சோமசெற். அப்போதே அதற்குப் பதினைந்து வயது, மூன்று கை மாறியிருந்தது. இடப்பக்கக் கதவின் அடித்தகரம் கறள் பிடித்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகுமாம். பின்சீற்றின் கம்பிச்சுருள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றதாம். "ஓடாத சாமானுக்கு ஏன்ரா காசைக் கொட்டுறாய்?" என்று அப்பு பேசப் பேச, ஐயா வெங்காயம் விற்ற காசைக் கொடுத்து அதை இரண்டு மாடு கட்டி இழுப்பித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இதை ஏன் வாங்கினார் என்று விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். 1950களில் இங்கிலாந்துக் கார்கள் கொழும்புத் துறைமுகத்தில் தாராளமாக வந்து இறங்கின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் அரசு இறக்குமதியை இறுக்கியது. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, புதுக் கார் என்பது சாதாரண மனிதருக்கு எட்டாத பொருள். இருந்த கார்தான் இருந்தது. அதைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. யாழ்ப்பாணத்தில் கராச் தொழில் செழித்தது இதனால்தான் என்பது என் முடிவு. வாகனம் பெருகியதால் செழித்த தொழில் அல்ல அது. வாகனம் வராமல் போனதால் செழித்த தொழில்.

ஏ40 பர்மிங்ஹாம் நகரின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் பிறந்தது. 1947 இல் டெவன் வந்தது, 1952 இல் உருண்டை முதுகோடு சோமசெற் வந்தது. 1200 சிசி எஞ்சின், ஏறத்தாழ நாற்பது குதிரைவலு, பெயரில் உள்ள நாற்பது அதுதான். எங்கள் ஊரில் அதை 'ஏ-போட்டி' என்பார்கள். இதே ஏ40 சென்னை எண்ணூரிலும் பொருத்தப்பட்டது என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன். 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் செய்த வேலை அதுதான். 1955 இல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது. கடலுக்கு இரு கரையிலும் தமிழர் கைகள் ஒரே எஞ்சினை இறுக்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

எங்கள் காரில் ஆங்கில எழுத்துத் தகடுதான் இருந்தது. 1957 முதல் இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் புகுத்தியபோது வடக்கில் எழுந்த எதிர்ப்பைக் கண்டவர் ஐயா. தகரத்தில் எது மாறினாலும் அந்தத் தகட்டை மட்டும் மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்.

காரை எழுப்பியவர் காங்கேசன்துறை வீதியில், கொக்குவில் பக்கம் கராச் வைத்திருந்த ஒருவர். ஊரே அவரை 'அண்ணை' என்றது, நானும் அப்படியே சொல்கிறேன். கராச் என்றால் ஓலைக் கொட்டில், ஒரு வேப்பமரம். மரக்கொப்பில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்குவார்கள், சில்லைக் கழற்றிவிட்டுப் பனங்குத்தியில் வண்டியை நிறுத்துவார்கள். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைவித்து, அந்த அளவுக்குக் கிட்ட வரும் வேறொரு வண்டியின் பிஸ்ரனைத் தேடிப் பொருத்துவார் அண்ணை. எது எதற்குப் பொருந்தும் என்பதை ஒரு நீலமட்டைக் கொப்பியில் எழுதிவைத்திருந்தார். எந்த அச்சுப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு அது. நான் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது, மின்சாரம் நின்றது, அரசின் தடைப் பட்டியலில் பெற்றோலும் பற்றறியும் சேர்ந்தன. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. கொழும்பில் புதிது புதிதாக ஓடிக்கொண்டிருந்த ஜப்பான் கார்களுக்குச் சமமானவை இங்கேயும் சில இருந்தன. அவை கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்திக்கொண்டு முடங்கின. வீதிக்கு வந்தவை ஏ-போட்டியும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும்தான்.

காரணம் மிக எளிது. அந்தக் கால எஞ்சின்களின் அமுக்கம் குறைவு. ஏ40 இல் அது ஏழுக்குச் சற்று மேல். அமுக்கம் குறைந்த எஞ்சின் மட்டமான எரிபொருளையும் ஏற்றுக்கொள்ளும், சூடு மட்டும் காணவேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, திரவமாகவே போய்ப் பிளக்கை நனைத்துவிடும். ஆகவே பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இது யாழ்ப்பாணத்தின் கண்டுபிடிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1940களின் இங்கிலாந்து உழவு இயந்திரங்கள் பல, பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயில் ஓடும்படியே செய்யப்பட்டவை. எங்கள் பெருமை கண்டுபிடிப்பில் இல்லை. அதற்கென்று செய்யப்படாத ஒரு காரில், ஒரு பாகமும் கடையில் வாங்க முடியாத காலத்தில், அதைச் செய்துகாட்டியதில் இருக்கிறது.

அண்ணை செய்த விதத்தைச் சொல்கிறேன். பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் தொங்கும். ஆசுபத்திரியில் எறிந்த சேலைன் குழாய் அதிலிருந்து காபிரேற்றருக்குப் போகும். அந்தக் குழாயில் உள்ள உருளைப் பூட்டை விரலால் உருட்டினால் சொட்டுச் சொட்டாக விழும். ஸ்ராட்டரைச் சுற்றும் அளவுக்கு வலுவான பற்றறி இல்லை, ஆதலால் முன்னுக்கு ஹாண்டில் போட்டுச் சுற்றுவோம். ஹாண்டில் போட இடம் வைத்த கார் என்பதாலேயே அது பிழைத்தது. எழும்பி ஐந்து நிமிடம் ஓடியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்போம். அந்தக் குழாய் செம்பு. சைலன்சர் குழாய் புறப்படும் இடத்தில் அதைச் சுற்றி, எண்ணெய் சூடாகிப் போகும்படி செய்திருந்தார். றேடியேற்றரின் முன்னால் பாதிக்கு மட்டை அடைத்திருக்கும். எஞ்சின் தலைக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டு கஸ்கெற். தீப்பொறி விழும் நேரத்தை ஒரு மயிரிழை பிந்தவிடுவார். அதற்குக் கருவி ஏதும் கிடையாது, காதை வைத்துக் கேட்டுத்தான் பிடிப்பார்.

நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்த நாள் எழும்பாது. இன்னொன்று, எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே எஞ்சின் எண்ணெயில் இறங்கும். வழமையாக ஓட ஓட எண்ணெய் குறையும், எங்கள் காரில் கூடிக்கொண்டு போகும். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்து, கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் அன்றே வடித்துவிட வேண்டும். அதைக் கவனியாமல் ஓடியவர்களின் எஞ்சின்கள் பெயரிங் உருகி எங்களிடம் வந்தன.

அதே மண்ணெண்ணெய்தான் வீட்டு விளக்குக்கும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் வைத்த விளக்கில் தங்கச்சி சோதனைக்குப் படித்தாள். ஒரு கோழிமுட்டை அளவு வெளிச்சம். தோட்டத்து இறைப்பு இயந்திரத்துக்கும் அதுதான். அந்த நாள்களில் ஐயா கோயிலுக்கும் கலியாணத்துக்கும் காரை விடவில்லை. நோயாளி, பிள்ளைப்பேறு இரண்டுக்கு மட்டும் கார் எடுத்தார். இரவு இரண்டு மணிக்குப் படலையில் தட்டுவார்கள். நான் எழும்பி ஹாண்டிலைச் சுற்றுவேன். பின்னால் கிளம்பும் வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும், சட்டையில் அந்த மணம் இரண்டு நாளைக்குப் போகாது. எங்கள் காரின் பின்சீற்றிலேயே ஒரு குழந்தை பிறந்தது.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்க, வலிகாமமே எழும்பி மழையில் நடந்தது. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வழியில் ஓரடி நகர அரை மணித்தியாலம். காருக்குள் அப்புவோடு ஐந்து கிழவர்கள், கூரையில் மூட்டைகள். நகராத காரில் எஞ்சினை விட்டால் எண்ணெய் வீண், நிறுத்தினால் சூடு தணிந்து மறுபடி பெற்றோல் வேண்டும். போத்தலில் இரண்டு விரற்கடைதான் மிச்சம். ஐயா நிறுத்திவிட்டார். நானும் மச்சானும் இன்னும் மூன்று பேரும் தென்மராட்சி வரை தள்ளிக்கொண்டு போனோம். அண்ணை சைக்கிளில் வந்தார். கராச்சில் அவரது கொப்பி கிடந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது கொட்டிலும் இல்லை, கொப்பியும் இல்லை.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் ஜப்பான் வாகனங்கள் வரிசையாக வந்தன. பழைய கார்களுக்குப் புது உறுப்புகள் தேடும் காலமும் அதுதான். மொறிஸ் மைனருக்குள் டட்சன் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் இறக்கினார்கள். மொறிஸ் ஒக்ஸ்போட் வைத்திருந்தவர்களுக்குச் சென்னை கைகொடுத்தது. அம்பாசடர் அந்த ஒக்ஸ்போட்டின் வழிவந்தது என்பதால் பாகங்கள் பொருந்தும். 2004 இல் நானும் சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் மூன்று நாள் திரிந்தேன். ஏ-போட்டிக்கென்று ஒன்றும் அகப்படவில்லை.

எஞ்சின் மாற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகைக்கு ஓடுபவனுக்கு வயிறு இருக்கிறது. நானும் டைனமோவைக் கழற்றி ஓல்ற்றனேற்றர் போட்டேன். பிறேக் குழாய்கள் முழுவதையும் புதிதாக்கினேன், உயிரோடு விளையாடக் கூடாது. கைபோல நீட்டி மடங்கும் பழைய சைகைக் கட்டையை விட்டுவைத்து, கீழே மினுக்கும் விளக்கு ஒன்றும் பூட்டினேன். எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. ஐயா இருந்திருந்தால் தகட்டுக்குச் சொன்னதையே அதற்கும் சொல்லியிருப்பார்.

2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது பொடியங்கள் என்னிடம் வந்தார்கள். "அங்கிள், மண்ணெண்ணெயில ஓடலாமாமே?" ஓடலாம், ஆனால் அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதைவிடப் பெரிய தடை வேறு. செம்புக் குழாயை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று ஒருவன் கேட்டான். எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அண்ணைதான் சுற்றுவார், நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். எண்ணவில்லை. 2019 இல் அவர் போய்விட்டார்.

உங்கள் ஊரிலும் ஒரு அண்ணை இருப்பார். எழுபது எண்பது வயதில், திண்ணையில், கை நடுக்கத்தோடு. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வண்டிக்கு எந்தப் பிஸ்ரன், எத்தனை சுற்று, எவ்வளவு சூடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். இந்த மாதமே போங்கள்.