மேனாட்டு உடைநூல்களும் வர்ஜீனியர் படங்களும்

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின்கண் உடைநூல் என்னும் ஒருவகை நூல் பெருவழக்காயிற்று. பல நாட்டு ஆடவர் மகளிரின் ஆடையணிகளைப் படமாக அச்சிட்டு, ஒவ்வொன்றற்கும் சிறு விளக்கம் வரைவது அதன் இயல்பு. பாரிஸ் நகரில் 1562-ஆம் ஆண்டிலேயே இத்தகைய நூலொன்று வெளிவந்தது. வெனிஸ் நகரில் செசாரே வெச்செல்லியோ என்பார் 1590-இல் வெளியிட்டதே இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. மரக்கட்டையிற் செதுக்கி அச்சிட்ட படங்கள் 400-க்கு மேல் அதன்கண் உள.

அந்நூலைப் புரட்டுவார்க்கு ஒன்று புலனாகும். தம் நகரத்தாரைக் கன்னி, மணமகள், கைம்பெண், வணிகர், பிரபு என நுணுகிப் பகுத்த ஆசிரியர், தொலைநாட்டாரை இரண்டொரு உருவங்களிலேயே அடக்கிவிட்டார். அண்மையிலுள்ளார் பலராகவும் சேய்மையிலுள்ளார் ஒருவராகவும் தோன்றுதல் இந்நூல்களின் பெருங்குறை என்பது எம் கருத்து.

நிற்க. 1585-இல் ஆங்கிலர் அமெரிக்காவின் ரோனோக் தீவிற் குடியேற முயன்றபோது, ஜான் ஒயிட் என்னும் ஓவியர் உடன்சென்று, அந்நாட்டு மக்களை நேரிற்கண்டு வண்ணத்தில் எழுதினார். தாயருகே நிற்கும் சிறுமியொருத்தியின் கையில் ஆங்கில உடையணிந்த பாவையொன்று இருத்தலை அவர் விடாது எழுதியிருப்பது வியக்கத்தக்கது. வந்தவர் கொடுத்த பொருள் அதற்குள் குழந்தைகளின் விளையாட்டுக்கு ஆகிவிட்டது!

தியோடர் தெ பிரை என்பார் இவ்வோவியங்களைச் செப்புத் தகட்டிற் செதுக்கி, தாமஸ் ஹாரியட் எழுதிய வர்ஜீனியா நூலுடன் 1590-இல் பிராங்பர்ட் நகரில் நான்கு மொழிகளில் வெளியிட்டார். அவர் அமெரிக்காவைக் கண்டவரல்லர். ஆகவே அவர்தம் உளி பட்டவிடத்து முகங்கள் ஐரோப்பியர் முகங்களாயின. உடல்கள் பழைய கிரேக்க உரோமச் சிலைகளின் நிலையை எய்தின. ஒயிட்டின் மூல ஓவியங்கள் இன்றும் இலண்டன் பிரிட்டிஷ் அரும்பொருட்சாலையில் இருத்தலின், இரண்டையும் ஒப்புநோக்குவார் இவ்வேறுபாட்டை எளிதிற் காணலாம். ஐரோப்பியர் பெரும்பாலோர் கண்டது செப்புத்தகட்டுப் படத்தையே. வெச்செல்லியோவும் 1598-இல் தம் நூலை விரித்தபோது, வர்ஜீனியர்க்குத் தெ பிரையின் படங்களையே மேற்கொண்டார். கண்டவரிடமிருந்து காணாதவரும், அவரிடமிருந்து மற்றொரு காணாதவரும் பெற்ற செய்தி அது.

எனினும் தெ பிரையை முற்றும் பழித்தல் முறையன்று. அந்நூலின் இறுதியில் ஐந்து படங்களைச் சேர்த்துள்ளார். அவை பிரிட்டனில் முற்காலத்து வாழ்ந்த பிக்தர் முதலியோருடையவை. உடலெங்கும் வண்ணந் தீட்டி, ஆடையின்றி, வெட்டிய தலையைக் கையிலேந்தி நிற்கின்றான் ஒருவன். பிரிட்டன் மக்களும் பண்டு வர்ஜீனியரைப் போன்றே காட்டுநிலையில் இருந்தனர் எனக் காட்டவே இவற்றைச் சேர்த்ததாக அவரே எழுதியுள்ளார். வர்ஜீனியர் படங்களில் அத்தகைய கொடுமை காணப்படவில்லை. அவர்கள் மீன் பிடிக்கின்றனர், உணவு சமைக்கின்றனர், பாயில் அமர்ந்து உண்கின்றனர்.