'நடு இரவில்' எடுத்த வீணைக்காரர்

போன வாரம் திண்டுக்கல்லில் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி கரண்ட் போச்சு. லேப்டாப்பில் சார்ஜ் இருந்ததால் அம்மாவும் நானும் 'நடு இரவில்' பார்த்தோம். 1970ல் வந்த படம். தீவில் ஒரு பங்களா. அங்கே கூடும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா சாகுறாங்க. அகதா கிறிஸ்டி கதையின் தழுவல். அம்மா பாதியில் எழுந்துபோய்க் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துட்டு வந்தாங்க! "இவரு வேற என்னடா எடுத்தாரு?"ன்னு கேட்டாங்க.

இவர் வீணை எஸ். பாலசந்தர். இந்தப் படத்தின் தயாரிப்பு, இயக்கம், இசை, டாக்டர் வேஷம் எல்லாம் அவரே. வீணையையும் குரு இல்லாமல்தான் கத்துக்கிட்டார்.

1954ல் 'அந்த நாள்' எடுத்தப்போ வயசு 27. சிவாஜி நடிச்ச படம், ஆனா ஆரம்பத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்னுடுவாங்க. பாட்டு ஒண்ணுகூட கிடையாது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஏவி.எம். இருந்தது. 1964ல் 'பொம்மை' சொந்தத் தயாரிப்பு. குண்டு வெச்ச பொம்மை ஒண்ணு கைமாறிக்கிட்டே போகும், நமக்கு வயித்தைக் கலக்கும். முடிவில் அவரே திரையில் வந்து, கேமராவுக்குப் பின்னால் உழைச்சவங்களை அறிமுகப்படுத்துவார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

'நடு இரவில்' அறுபதுகளிலேயே முடிஞ்ச படம். வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்துதான் வெளியே வந்தது. அதுக்கப்புறம் அவர் எதையும் இயக்கலை. வீணைக்கே போயிட்டார், 1982ல் பத்ம பூஷண். இதைப் பெருமையாச் சொல்றவங்க உண்டு. எனக்கு வயிற்றெரிச்சல்தான்: நிறுத்தும்போது அவருக்கு 43 வயசு.